ஏலக்காய் ஸ்டோர் கணக்கிலிருந்து இரண்டாவது டேட்டா ஃபைலை எடுத்த அனுபவம்

"ரெண்டாவது ஃபைல்ல பழைய கணக்குதானே தம்பி இருக்கு, அதை டெலிட் பண்ணி விட்டுட்டா சோலி முடிஞ்சிரும்ல" என்று முதலாளி கேட்டார். நல்லவேளையாக அழித்துவிட்டுக் கேட்கவில்லை, கேட்டுவிட்டு அழிக்கலாம் என்று இருந்தார். அந்த ஒரு ஃபோன் வந்ததால்தான் இந்தப் பதிவை நிம்மதியாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இடம் கம்பம்மெட்டு தாண்டி புற்றடிப் பக்கம் ஒரு ஏலக்காய் ஸ்டோர். நான் கம்பத்துக்காரன், மலைமேல் நாலைந்து ஸ்டோர்களின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். தெரியாதவர்களுக்காக: இங்கே ஸ்டோர் என்றால் பச்சைக்காயை உலர வைக்கும் இடம். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய் உள்ளே போனால் ஒரு கிலோ உலர்ந்த காய் வெளியே வரும். அதனால் யார் எத்தனை கிலோ பச்சை போட்டார், எத்தனை கிலோ காய்ந்து வந்தது, அதில் எது புற்றடி ஏலத்துக்குப் போனது, எது போடிக்குப் போனது என்று ஒவ்வொரு மூட்டைக்கும் கணக்கு உண்டு. அந்தக் கணக்கு போனால் விவசாயிக்குப் பதில் சொல்ல முடியாது. கூடவே ஒவ்வொரு எடைச் சீட்டையும் படம் எடுத்து டேட்டாபேஸுக்குள்ளேயே சேர்த்து வைக்கும் வழக்கமும் அங்கே இருக்கிறது. இந்தப் படங்கள் பின்னால் முக்கியமாக வரும்.

கணக்கு மென்பொருள் ஓடுவது எஸ்க்யூஎல் சர்வர் என்ற மைக்ரோசாஃப்ட் டேட்டாபேஸின் 2014 எக்ஸ்பிரஸ் பதிப்பில். இலவசம், ஆனால் ஒரு டேட்டாபேஸின் டேட்டா ஃபைல்கள் எல்லாம் சேர்ந்து 10 ஜிபியைத் தாண்டக்கூடாது, நடக்கும் மாற்றங்களை எழுதி வைக்கும் லாக் ஃபைல் மட்டும் இந்தக் கணக்கில் வராது. 2019-இல் சி டிரைவ் நிறைந்துபோனபோது, அப்போது பார்த்துக்கொண்டிருந்தவர் டி டிரைவில், அதாவது பழைய சுழலும் ஹார்ட் டிஸ்கில், இரண்டாவதாக ஒரு டேட்டா ஃபைலை (என்டிஎஃப்) சேர்த்து, முதல் டேட்டா ஃபைல் (எம்டிஎஃப்) மேலும் வளராதபடி நிறுத்தி வைத்திருக்கிறார். அன்றைக்கு அது சரியான முடிவுதான். இப்போது சி டிரைவுக்குப் புது எஸ்எஸ்டி போட்டாயிற்று, இடம் தாராளம். கெட்டுப்போய்க்கொண்டிருப்பது டி டிரைவ்.

அது எப்படித் தெரிந்தது என்றால், எஸ்க்யூஎல் சர்வரின் எரர் லாகில் 825 என்ற எண் வந்திருந்தது. இதைப் பலரும் கவனிப்பதில்லை, ஏனென்றால் நிரல் எதுவும் நிற்காது, திரையிலும் ஒன்றும் வராது. டிஸ்கிலிருந்து ஒரு பக்கத்தைப் படிக்கப் போய், முதல் தடவை முடியாமல், திரும்பத் திரும்ப முயன்று கடைசியில் படித்துவிட்டேன் என்று சர்வர் எழுதி வைக்கும் குறிப்பு அது. அடுத்த கட்டம் 823 அல்லது 824, அப்போது படிக்கவே முடியாது, அல்லது படித்தது தப்பாக இருக்கும். 825 பார்த்தால் டிஸ்கை மாற்றும் வேலையை அந்த வாரமே தொடங்கிவிட வேண்டும், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று வைக்கவே கூடாது. டிஸ்கின் உடல்நிலை காட்டும் கருவியிலும் மாற்றி ஒதுக்கிய செக்டர்கள் கூடிக்கொண்டே போயிருந்தன.

இப்போது முதலாளி கேட்ட கேள்விக்கு வருகிறேன். இரண்டாவது ஃபைலில் பழைய கணக்கு, முதல் ஃபைலில் புதுக் கணக்கு என்று எதுவும் இல்லை. ஒரே ஃபைல்குரூப்பில், அதாவது சர்வர் ஒன்றாகச் சேர்த்துப் பயன்படுத்தும் ஃபைல் தொகுப்பில், இரண்டு ஃபைல் இருந்தால் எதில் எவ்வளவு காலி இடம் இருக்கிறதோ அந்த விகிதத்தில் சர்வர் எழுதிக்கொண்டே போகும். ஒரே பில் டேபிளின் சில பக்கங்கள் இங்கே, சில அங்கே. ஒரே எடைச் சீட்டின் விவரம் முதல் ஃபைலில், அதன் படம் இரண்டாவது ஃபைலில் என்றும் இருக்கலாம். வீட்டுக்கு வாசல் ஒன்று, அறை இரண்டு. ஓர் அறையை இடித்துவிட்டு மீதி வீடு அப்படியே இருக்கும் என்று நினைக்க முடியாது, சுவர் பொதுச் சுவர். சர்வர் ஓடும்போது எக்ஸ்ப்ளோரரில் போய் அந்த ஃபைலை அழிக்கப் பார்த்தால் பயன்பாட்டில் இருக்கிறது என்று தடுக்கும். சர்வீஸை நிறுத்திவிட்டு அழித்தால் தடுக்காது, அழிந்துவிடும், திரும்ப சர்வீஸைத் தொடங்கும்போது டேட்டாபேஸ் பெயருக்குப் பக்கத்தில் ரிகவரி பெண்டிங் என்று வந்து நிற்கும். எந்தப் பில்லும் திறக்காது. அப்புறம் பேக்கப் இருந்தால் பிழைப்பு.

ஆகவே ஃபைலை எடுக்க ஒரே முறைதான்: உள்ளே இருப்பதைப் பக்கத்து ஃபைலுக்குக் கொண்டுபோய்க் காலி செய் என்று டேட்டாபேஸையே கேட்க வேண்டும், காலியானபின் நீயே அதை நீக்கு என்று சொல்ல வேண்டும். இரண்டு கட்டளைகள். கீழே கட்டளைகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன், திரையில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

டிபிசிசி ஷ்ரிங்க்ஃபைல் (ஏலம்_டேட்டா2, எம்ப்டிஃபைல்)

ஆல்டர் டேட்டாபேஸ் ஏலம் ரிமூவ் ஃபைல் ஏலம்_டேட்டா2

இவ்வளவுதான். ஆனால் இந்த இரண்டு வரியை ஓட்டி முடிக்க எனக்கு ஒரு சனிக்கிழமை மாலையும் ஒரு முழு ஞாயிறும் ஆனது.

சனிக்கிழமை மதியம் கம்பத்திலிருந்து பஸ் ஏறினேன். காலையில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப்புகள் எல்லாம் எதிரே இறங்கிக்கொண்டிருந்தன. ஐப்பசி மாதம், மேலே துலாவர்ஷம் என்பார்கள், மதியத்துக்கு மேல் இடியும் மின்னலும் தவறாமல் வரும். அதனால் முதலில் பார்த்தது யூபிஎஸ்ஸை. பேட்டரி இருபது நிமிடம் தாங்கியது, சரி, போதும்.

அடுத்து பேக்கப். செக்சம் போட்டு முழு பேக்கப் எடுத்து, ரிஸ்டோர் வெரிஃபைஒன்லி ஓட்டி, அதோடு நிற்காமல் என் லேப்டாப்பில் உண்மையாகவே ரிஸ்டோர் செய்து பார்த்தேன். வெரிஃபைஒன்லி என்பது பேக்கப் ஃபைல் முழுதாக, படிக்கும்படி இருக்கிறதா என்றுதான் சொல்லும், உள்ளே டேட்டாபேஸ் நலமாக இருக்கிறதா என்று அது பார்க்காது. ஆகவே லேப்டாப்பில் ரிஸ்டோர் ஆனதும் டேட்டாபேஸ் முழுவதையும் சோதிக்கும் டிபிசிசி செக்டிபி கட்டளையை அங்கேயே ஓட்டினேன். ஒதுக்கீட்டுப் பிழை 0, ஒத்திசைவுப் பிழை 0 என்று வந்தது. இந்த இரண்டு பூஜ்யத்தையும் பார்க்காமல் நான் எந்த ஃபைலையும் தொடுவதில்லை. பிழை இருக்கும் டேட்டாபேஸைக் காலி செய்யப் போனால் பாதியில் நின்று, எது நகர்ந்தது எது நகரவில்லை என்ற குழப்பத்தில் மாட்டிக்கொள்வோம்.

இங்கே ஒரு கேள்வி வரும், ஒரு நண்பர் ஃபோனில் கேட்டார்: டிஸ்க்தான் பிரச்சினை என்றால் ஃபைலை எஸ்எஸ்டிக்கு மாற்றி வைத்தால் போதாதா, எதற்கு எடுக்க வேண்டும்? உண்மை, மாற்றுவது பத்து நிமிட வேலை. அதைத்தான் முதலில் செய்தேன். சாகப்போகிற டிஸ்கின் மேலேயே வைத்துக்கொண்டு காலி செய்தால், அந்த ஃபைலின் ஒவ்வொரு பக்கத்தையும் அதிலிருந்து படித்து எடுக்க வேண்டும், மணிக்கணக்கில் அதை வருத்த வேண்டும். அதற்குப் பதில் ஒரே மூச்சில் ஒருமுறை படித்து நகல் எடுத்துவிட்டால், மீதி வேலையை நல்ல டிஸ்கில் நிதானமாகச் செய்யலாம். ஆல்டர் டேட்டாபேஸ் மாடிஃபை ஃபைல் கட்டளையில் லாஜிக்கல் பெயரையும் (டேட்டாபேஸுக்குள் அந்த ஃபைலுக்கு இருக்கும் பெயர்) புதுப் பாதையையும் கொடுத்து, டேட்டாபேஸை ஆஃப்லைன் ஆக்கி, என்டிஎஃப் ஃபைலை எஸ்எஸ்டியில் எம்டிஎஃப் இருக்கும் அதே ஃபோல்டருக்கு நகல் எடுத்து, ஆன்லைன் ஆக்கினேன். அதே ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அனுமதி. புது ஃபோல்டர் ஒன்றை உருவாக்கி அதில் போட்டால் எஸ்க்யூஎல் சர்வீஸின் கணக்குக்கு அங்கே எழுதும் உரிமை இருக்காது, 5120 என்ற எண்ணோடு அனுமதி இல்லை என்று வரும், அதை ஒரு மணி நேரம் தேடிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

நகல் எடுக்கும்போது நடுவில் ஓர் இடத்தில் வேகம் அப்படியே விழுந்து, அரை நிமிடம் அசையாமல் நின்று, பிறகு போனது. கெட்ட செக்டர் அங்கேதான் இருந்திருக்க வேண்டும். நகல் நின்றிருந்தால் பேக்கப்பிலிருந்து ரிஸ்டோர் செய்திருப்பேன், கையில் இருந்தது.

பிறகு ஏன் அதோடு விடவில்லை? ஒரே டிஸ்கில் இரண்டு ஃபைல் வைத்திருப்பதால் இந்த ஸ்டோருக்கு எந்த லாபமும் இல்லை. ஆனால் நஷ்டம் உண்டு. ரிஸ்டோர் செய்யும்போது டி டிரைவ் இல்லாத கம்ப்யூட்டராக இருந்தால் இரண்டு ஃபைலுக்கும் எங்கே வைப்பது என்று தனித்தனியாக மூவ் வரி எழுத வேண்டும், அவசரத்தில் அங்கே இருப்பவர்களால் அது முடிவதில்லை, சீசன் நேரத்தில் எனக்கு ஃபோன் வரும், மலைக்கு ஓட வேண்டும். ஒரு டேட்டா ஃபைல், ஒரு லாக் ஃபைல் என்று இருந்தால் ஸ்டோரில் இருப்பவர்களே ரிஸ்டோர் செய்துகொள்ளலாம். அது எனக்கு முக்கியமாகப் பட்டது.

ஞாயிறு காலை அளவு எடுத்தேன். சிஸ்.டேட்டாபேஸ்_ஃபைல்ஸ் என்ற பார்வையில் ஒவ்வொரு ஃபைலின் லாஜிக்கல் பெயர், பாதை, அளவு, வளர்ச்சி விகிதம் எல்லாம் இருக்கும். அளவு 8 கேபி பக்கங்களாக வரும், 128-ஆல் வகுத்தால் எம்பி. உள்ளே எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதற்கு ஃபைல்ப்ராப்பர்ட்டியில் ஸ்பேஸ்யூஸ்டு கேட்க வேண்டும். கட்டளைகளில் எல்லா இடத்திலும் வேண்டியது லாஜிக்கல் பெயர், டிஸ்கில் தெரியும் ஃபைல் பெயர் வேறாக இருக்கலாம், இங்கேயும் வேறாகத்தான் இருந்தது.

எம்டிஎஃப் 6,300 எம்பி, அதில் நிரம்பியது 5,900. என்டிஎஃப் 3,200 எம்பி, நிரம்பியது 2,700. கூட்டினால் 9,500. எல்லை 10,240.

இதைத் தாளில் எழுதியதும் சிக்கல் தெரிந்துவிட்டது. என்டிஎஃப்பில் இருக்கும் 2,700 எம்பியும் எம்டிஎஃப்புக்குள் போக வேண்டும். எம்டிஎஃப்பில் காலி 400. அது வளரலாம் என்றாலும், காலி செய்து முடிக்கும் வரை என்டிஎஃப்பும் தன் முழு 3,200-ஓடு அங்கேயே நிற்கும், அதுவும் எல்லைக் கணக்கில் சேரும். ஆக வளர்வதற்கு மீதி இருப்பது வெறும் 740. மொத்தம் 1,140 எம்பிக்கு இடம், போக வேண்டியது 2,700. கணக்குப் போடாமல் ஓட்டியிருந்தால் பாதியில் 1827 வந்திருக்கும், உரிமத்தின்படி 10240 எம்பியைத் தாண்டுகிறது என்ற செய்தி. குடம் மாற்றி ஊற்றும்போது இரண்டு குடமும் ஒரே நேரத்தில் தரையில் இருக்க வேண்டும், அதற்குத் தரை போதாது என்ற நிலைமை.

ஆகவே சுமையைக் குறைக்க வேண்டும். எந்த டேபிள் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்தேன். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது பில் அமைப்பை மாற்றுவதற்கு முன் ஜாக்கிரதைக்காக எடுத்து வைத்த இரண்டு நகல் டேபிள்கள், 1,450 எம்பி, அப்படியே கிடந்தன. மூல டேபிள்களில் அதே வரிகள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணிக்கையும் கூட்டுத்தொகையும் ஒப்பிட்டுப் பார்த்து, முதலாளியிடம் காட்டி, அவர் சரி என்ற பிறகு ஒரு தனி ஃபைலாக ஏற்றுமதி செய்துவிட்டு ட்ராப் டேபிள் போட்டேன். ட்ராப் டேபிள் நொடியில் முடிந்து இடம் உடனே திரும்பியது.

அடுத்து யார் எப்போது உள்ளே வந்தார், எந்தப் பொத்தானை அழுத்தினார் என்று எழுதி வைக்கும் பதிவு டேபிள். இரண்டு வருடத்துக்கு முந்தையது வேண்டாம் என்றார்கள். டெலிட்டை ஒரேயடியாகப் போட்டால் லாக் ஃபைல் ஊதிவிடும் என்பதால் ஐயாயிரம் ஐயாயிரம் வரியாக அழித்தேன். முடிந்தபின் அளவு பார்த்தால் ஒரு எம்பிகூடக் குறையவில்லை. எனக்கு இது புதிது இல்லை என்றாலும் ஒவ்வொரு முறையும் மறந்துவிடுகிறது: அந்த டேபிளில் வரிகளை வரிசைப்படுத்தி வைக்கும் கிளஸ்டர்டு இண்டெக்ஸ் கிடையாது, வெறும் குவியல், ஹீப். ஹீப்பில் சாதாரணமாக டெலிட் செய்தால் வரிகள் போகும், ஆனால் காலியான பக்கங்கள் அந்த டேபிளின் பெயரிலேயே இருக்கலாம். டெலிட்டில் டேப்லாக் குறிப்பு கொடுத்திருந்தால் விட்டுக்கொடுத்திருக்கும். இப்போது ஆல்டர் டேபிள் ரீபில்ட் போட்டேன், மிஞ்சிய வரிகளை மட்டும் புதிதாக எழுதிக்கொண்டு பழைய பக்கங்களை விடுவித்தது. 620 எம்பி கிடைத்தது, அதில் 250 எம்டிஎஃப்பில், 370 என்டிஎஃப்பில்.

திரும்பத் தாளில். எம்டிஎஃப்பில் நிரம்பியது 4,200, காலி 2,100. என்டிஎஃப்பில் நகர வேண்டியது 2,330. காலி 2,100-உடன் வளர இருக்கும் 740-ஐச் சேர்த்தால் 2,840. ஐந்நூறு எம்பி மிச்சம். போதும்.

இன்னொன்றை மறந்திருந்தால் இவ்வளவும் வீண். எம்டிஎஃப்பின் வளர்ச்சி நிறுத்தப்பட்டிருந்தது அல்லவா, அதைத் திறக்க வேண்டும். பத்து சதவீதம் என்று வைத்தால் ஒரு தாவலுக்கு 630 எம்பி கேட்கும், முதல் தாவல் எல்லைக்குள் வரும், இரண்டாவது வராது. 64 எம்பி என்று வைத்தேன், அளவாக வளரும்.

காலை பதினொன்றுக்கு எம்ப்டிஃபைல் ஓட்டினேன். எவ்வளவு முடிந்தது என்பதை இன்னொரு ஜன்னலில் சிஸ்.டிஎம்_எக்ஸெக்_ரிக்வெஸ்ட்ஸ் பார்வையில் பார்க்கலாம், சதவீதம் காட்டும் பத்தி ஒன்று உண்டு. முதலில் கட்டளை என்ற பத்தியில் டிபிசிசி ஃபைல்ஸ்காம்பாக்ட் என்று காட்டியது, அது வேகமாகப் போனது. அப்புறம் மெதுவாகி, சதவீதம் நகர்கிறதா என்றே சந்தேகமாகிவிட்டது. எடைச் சீட்டுப் படங்கள். பெரிய பைனரியாக வைத்திருக்கும் படங்களின் பக்கங்களில், நான் எந்த டேபிளின் எந்த வரிக்குச் சொந்தம் என்று திரும்பிச் சொல்லும் சுட்டு இருக்காது. ஒரு படப் பக்கத்தை நகர்த்தினால் அதைச் சுட்டும் வரியில் புது முகவரியை எழுத வேண்டும், அந்த வரியைக் கண்டுபிடிக்க டேபிளையே தேட வேண்டியிருக்கிறது. அதனால்தான் படங்கள் நிறைந்த டேட்டாபேஸில் இந்த வேலை இவ்வளவு இழுக்கும். நின்றுவிட்டது என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள், படித்த பக்கங்களின் எண்ணிக்கை கூடுகிறதா என்று பாருங்கள், கூடினால் ஓடுகிறது என்று அர்த்தம்.

மதியம் இரண்டரைக்கு எதிர்பார்த்தபடி வானம் இருண்டது. கவுண்ட்டர் சேச்சி உள்ளே வந்து "மோனே, இப்போ கரண்டு போகும் கேட்டோ" என்று சொல்லி முடிப்பதற்குள் போய்விட்டது. யூபிஎஸ் கத்தத் தொடங்கியது. பதினைந்து நிமிடம் பார்த்துவிட்டு, மின்சாரம் வராததால், ஓடிக்கொண்டிருந்த கட்டளையை நானே நிறுத்தி, சர்வீஸை முறையாக நிறுத்தி, கம்ப்யூட்டரை அணைத்தேன். இதில் பயப்பட ஒன்றும் இல்லை. ஷ்ரிங்க்ஃபைலை எந்த இடத்தில் நிறுத்தினாலும் அதுவரை நகர்ந்தது நகர்ந்ததுதான், திரும்ப ஓட்டும்போது மிச்சத்திலிருந்து தொடரும். அதற்காக பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்று சொல்லவில்லை. முறையாக நிறுத்துவதும் திடீரென்று அணைவதும் வேறு வேறு.

காத்திருந்த நேரத்தில் சேச்சி கட்டஞ்சாயா கொடுத்தார். மழைச் சத்தத்தில் ஸ்டோரின் உலர்த்தும் அறையிலிருந்து காய் வாசனை அப்படியே வந்து நிறைந்தது. நாலரைக்கு மின்சாரம் வந்தது.

திரும்ப ஓட்டினேன். ஒரு மணி நேரம் கழித்து முடியும் தறுவாயில் 1119 என்ற பிழை. ஒரு ஐஏஎம் பக்கத்தை நீக்க முடியவில்லை, அது சேர்ந்த டேபிளை வேறு யாரோ பயன்படுத்துகிறார்கள் என்கிறது. ஐஏஎம் என்பது ஒரு டேபிளின் பக்கங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று குறித்து வைக்கும் பக்கம், ஊர் மணியகாரர் வைத்திருந்த நிலப் பதிவேடு மாதிரி. பதிவேட்டை ஒருவர் விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் அதை எடுத்துக்கொண்டு போக முடியாது. அந்த நிலையிலேயே ரிமூவ் ஃபைல் போட்டுப் பார்த்தேன், 5042 வந்தது, ஃபைல் காலியாக இல்லை, நீக்க முடியாது. நல்ல சர்வர், ஒரு பக்கம் மிச்சம் இருந்தாலும் விடாது.

எது மிச்சம் என்று பார்க்க சிஸ்.டிஎம்_டிபி_டேட்டாபேஸ்_பேஜ்_அலோகேஷன்ஸ் என்று ஒன்று இருக்கிறது, 2012 பதிப்பிலிருந்து உண்டு, மைக்ரோசாஃப்ட் கையேட்டில் அதை எழுதுவதில்லை. அதில் என்டிஎஃப்பின் ஃபைல் எண் 3 என்று வடிகட்டிப் பார்த்தால் ஒரே ஒரு டேபிள், எடைப் பதிவு. சேச்சியின் கவுண்ட்டரில் எடை போடும் திரை காலையிலிருந்து திறந்தே இருந்திருக்கிறது, மின்சாரம் வந்ததும் அந்த மெஷினும் தானாக எழுந்து திரும்பச் சேர்ந்துகொண்டது. ஞாயிற்றுக்கிழமை, யாரும் உள்ளே வரவில்லை என்ற நம்பிக்கையில் நான் அதைப் பார்க்காமல் விட்டிருந்தேன். அதை மூடச் சொல்லிவிட்டு, டேட்டாபேஸை சிங்கிள் யூசர் ஆக்கினேன். இதில் ஒரு கவனம்: இருப்பது ஒரே நாற்காலி. செட் சிங்கிள்_யூசர் வித் ரோல்பேக் இம்மீடியட் என்று எந்த ஜன்னலில் போட்டீர்களோ அதே ஜன்னலிலேயே அடுத்த கட்டளைகளையும் ஓட்டுங்கள். வேறு ஜன்னலுக்குப் போனால் தானாக இணையும் ஏதாவது நிரல் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும், பிறகு உங்களுக்கே உள்ளே இடம் இருக்காது.

எம்ப்டிஃபைல் மூன்றாவது முறை, நாலு நிமிடத்தில் பிழை இல்லாமல் முடிந்தது. ரிமூவ் ஃபைல். ஃபைல் நீக்கப்பட்டது என்று ஒரு வரி. ஃபோல்டரில் பார்த்தேன், என்டிஎஃப் இல்லை. இந்தக் கட்டளை டேட்டாபேஸின் குறிப்பிலிருந்து எடுப்பதோடு டிஸ்கிலிருந்தும் தானே அழித்துவிடும், நாம் எக்ஸ்ப்ளோரர் பக்கமே போக வேண்டியதில்லை. மல்டி யூசருக்குத் திருப்பினேன். எம்டிஎஃப் 6,556 எம்பியில் நின்றது. இனி 3,684 எம்பி வளர இடம் இருக்கிறது, இந்த ஸ்டோரின் வேகத்துக்குச் சில வருடம் தாங்கும்.

இதே வேலையைச் செய்யப் போகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்த சிலவற்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் எம்டிஎஃப் ஃபைலை எந்தக் காரணத்துக்காகவும் நீக்க முடியாது. இரண்டாவது ஃபைல் தனி ஃபைல்குரூப்பில் இருந்தால் எம்ப்டிஃபைல் உதவாது, அது அதே ஃபைல்குரூப்பில் இருக்கும் மற்ற ஃபைல்களுக்குத்தான் நகர்த்தும். அப்போது டேபிளின் கிளஸ்டர்டு இண்டெக்ஸை வேறு ஃபைல்குரூப்பில் திரும்பக் கட்டி நகர்த்த வேண்டும், படங்கள் அதோடு நகராது, புது டேபிள் போட்டு நகலெடுக்க வேண்டும். காலி செய்த பிறகு மனம் மாறி அந்த ஃபைலின் அளவை ஆல்டர் டேட்டாபேஸில் மாற்றினால், அதில் எழுதக்கூடாது என்ற தடை நீங்கி மறுபடி நிரம்பத் தொடங்கும், ஆகவே காலியானதும் கையோடு நீக்கிவிடுங்கள். ரிகவரி மாடலை (லாக்கை எப்படி வைத்துக்கொள்வது என்ற அமைப்பு) ஃபுல் என்று வைத்திருப்பவர்களுக்கு, நீக்கிய ஃபைலின் பெயர் அடுத்த லாக் பேக்கப் வரை ஒதுக்கப்பட்டே இருக்கும், அதே பெயரில் வேறு ஃபைல் சேர்க்க அதுவரை காத்திருக்க வேண்டும். எங்களுடையது சிம்பிள், அந்தக் கவலை இல்லை.

ஆரக்கிள் வைத்திருக்கும் நண்பர்களுக்கு: அங்கே ஆல்டர் டேபிள்ஸ்பேஸ் ட்ராப் டேட்டாஃபைல் என்பது 10ஜி இரண்டாம் வெளியீட்டிலிருந்து இருக்கிறது, ஃபைல் காலியாக இருக்க வேண்டும், டேபிள்ஸ்பேஸின் முதல் ஃபைலாக இருக்கக்கூடாது. மைஎஸ்க்யூஎல்லில் ஒவ்வொரு டேபிளுக்கும் தனி ஃபைல் என்ற அமைப்பில் இருந்தால் ட்ராப் டேபிள் போட்டதும் ஃபைலும் போய்விடும், ஆனால் ஐபிடேட்டா1 என்ற பொது ஃபைல் ஒருமுறை ஊதிவிட்டால் எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் திரும்ப ஏற்றுவதைத் தவிர வழக்கமான வழி கிடையாது.

இண்டெக்ஸ்களை மறுபடி கட்டாமல் இறங்கிவரவில்லை. இப்படி நகர்த்தும்போது பக்கங்களின் வரிசை கலைந்துவிடும், திங்கட்கிழமை காலை ஆள் நிற்கும்போது பில் தேடுவது மெதுவானால் சேச்சிக்குத்தான் கஷ்டம். எக்ஸ்பிரஸ் பதிப்பில் ஆட்கள் வேலை செய்யும்போதே கட்டும் வசதி இல்லை, அதனால் அன்றிரவே கட்டினேன். கட்டியபின் திரும்ப ஷ்ரிங்க் போடக்கூடாது, போட்டால் கட்டியது கலையும். கூடுதலாக நூறு இருநூறு எம்பி வளர்ந்தது, வளரட்டும். மறுபடி செக்டிபி, இரண்டு பூஜ்யம், மறுபடி முழு பேக்கப்.

கடைசி பஸ் போய்விட்டது, முதலாளியின் ஜீப்பில் இறங்கினேன். வழியில் அவர், "அப்ப நான் அன்னைக்கு டெலிட் பண்ணிருந்தா?" என்று கேட்டார். எடைச் சீட்டுப் படங்களில் பெரும்பகுதி அதில்தான் இருந்தது அண்ணே, பில்லும் திறந்திருக்காது என்றேன். கம்பம்மெட்டு செக்போஸ்ட் தாண்டும்வரை அவர் அதற்குமேல் எதுவும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து புது பேக்கப்பை லேப்டாப்பில் ரிஸ்டோர் செய்தேன். பழைய ஸ்கிரிப்டை அப்படியே ஓட்டியதால் 3234 வந்தது, ஏலம்_டேட்டா2 என்ற லாஜிக்கல் ஃபைல் இந்த டேட்டாபேஸில் இல்லை என்று. அந்த இரண்டாவது மூவ் வரியை அழித்துவிட்டு ஓட்டினேன், ரிஸ்டோர் ஆனது. திருத்திய ஸ்கிரிப்டை ஸ்டோர் கம்ப்யூட்டரிலும் மாற்றி வைக்கும்படி காலையில் சேச்சிக்கு ஃபோன் செய்து, அவர் திரையில் படிக்கப் படிக்க நான் சரிபார்த்தேன். 2019-க்குப் பிந்தைய நாலைந்து எடைச் சீட்டுகளை அவரே தேடித் திறந்தார், படத்தோடு வந்தது.